கத்திரிக்குச் சொந்தமாகச் சாணை மெஷின் வாங்கலாமா? ஜெய்ஹிந்துபுரம் தையலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மதுரை ஜெய்ஹிந்துபுரத்தில் ஒரு தையலகம். கீழே ஆறு தையல் மெஷின், ஒரு கட்டிங் டேபிள், ஒரு கட்டிங் மாஸ்டர். மாடியில் பெண்களுக்கான தையல் வகுப்பு. நைட்டியும் இன்ஸ்கர்ட்டும் விளக்குத்தூண் பக்கத்து மொத்தக் கடைகளுக்குத் தைத்துக் கொடுக்கிறார்கள். பள்ளி திறக்கும் சமயம் யூனிஃபார்ம், சித்திரைக்கு முன்னால் கள்ளழகர் வேடம் போடுகிறவர்களுக்கான உடை. நடத்துகிறவரைத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிடும். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

கத்திரிக்குச் சாணை பிடிக்கும் மெஷின் ஒன்றை 28,000 ரூபாய் கொடுத்து வாங்கலாமா என்று அக்கா யோசித்துக்கொண்டிருந்தார். மெஷின் சர்வீஸுக்காக அங்கே போய்வருகிறவன் என்பதால் என்னிடம் கேட்டார். உடனே ஆமாம், இல்லை என்று சொல்லிவிடுகிற கேள்வியாக அது எனக்குப் படவில்லை. கத்திரிகளையும் செலவு நோட்டையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்படிப் பார்த்ததையும், முடிவு எப்படி வந்தது என்பதையும் எழுதுகிறேன். சின்னத் தையலகம், டெய்லர் கடை, பார்லர் நடத்தும் பலர் இதே கேள்வியோடு இருப்பதால் கணக்கை முழுதாகவே கொடுத்திருக்கிறேன்.

யோசனை டொரண்டோவிலிருந்து வந்தது

அக்காவின் தம்பி கனடாவில், டொரண்டோவில் இருக்கிறார். அவர் மகன் ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். பனியில் வழுக்கி ஓடப் போடும் ஷூவான ஸ்கேட்டுக்குச் சாணை பிடிக்க வீட்டிலேயே ஒரு மெஷின் வாங்கி வைத்திருக்கிறார்கள். விலை ஆயிரம் டாலருக்கு மேல். வீடியோ காலில் அதைக் காட்டி, "இங்க கடைக்குக் கடை ஒரு மாதிரி பிடிச்சுத் தர்றாங்கக்கா. மெஷின் வந்த பிறகு எப்பவும் ஒரே மாதிரி இருக்கு. நீயும் கத்திரிக்கு ஒண்ணு வாங்கிரு" என்றிருக்கிறார்.

அக்காவின் பதில் நியாயமாகத்தான் இருந்தது. "அவன் ரெண்டு ஷூவுக்கே மெஷின் வாங்கிட்டான். எனக்குப் பதினாலு கத்திரி இருக்கு தம்பி."

தம்பி வாங்கியது சரியான முடிவு. அது ஏன் சரி என்று புரிந்துகொண்டால்தான் அக்காவின் கேள்வி எங்கே வேறுபடுகிறது என்பது தெரியும். ஐஸ் ஹாக்கி ஸ்கேட்டின் அடியில் ஓடும் எஃகுத் தகடு சுமார் 3 மி.மீ. தடிமன். அதன் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நீளவாக்கில் மெல்லிய பள்ளம் ஒன்று ஓடும். பள்ளத்தின் இரண்டு கரைகளும்தான் பனியைக் கவ்வுகிற விளிம்புகள். பள்ளம் ஒரு வட்டத்தின் சிறு வில் போல இருக்கும். அந்த வட்டத்தின் ஆரம் பெரும்பாலும் அரை அங்குலம், அல்லது அதை ஒட்டிய அளவு. ஆரம் சிறிதானால் பள்ளம் ஆழமாகும், பனியை நன்றாகக் கடிக்கும். ஆரம் பெரிதானால் கடி குறையும், வழுக்கி ஓடுவது எளிதாகும்.

இந்த அமைப்பு மெஷினுக்கு மிகவும் தோதானது. தகட்டை நடுவில் வைத்து இறுக்கிவிட்டு, அந்த ஆரத்தில் வாய் செதுக்கிய சக்கரம் முன்னும் பின்னும் ஓடினால் போதும். யார் பட்டனை அமுக்கினாலும் அதே பள்ளம்தான் விழும். அப்பா அமுக்கினாலும் சரி, பன்னிரண்டு வயதுப் பையன் அமுக்கினாலும் சரி. கை நடுக்கத்துக்கு அங்கே இடமே இல்லை.

அக்காவின் கடையிலேயே இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. நைட்டித் துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டும் கட்டிங் மெஷினில், மேலும் கீழும் ஓடும் நேர்க்கத்திக்கு இரண்டு பக்கமும் சின்ன எமரி பெல்ட் உண்டு. லீவரைத் தொட்டால் பெல்ட்கள் கத்தியை உரசியபடி இறங்கி ஏறும். கத்தி கூராகிவிடும். "அதுல மட்டும் தொட்டாப் போதும், கூர் ஏறுதே. கத்திரிக்கு மட்டும் ஏன் வராது?" என்று அக்கா கேட்டார். இந்த ஆய்வில் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே இதுதான் நல்ல கேள்வி என்பேன். அங்கே கோணத்தை மெஷின் பிடிக்கிறது. கத்திரியில் கோணத்தை யார் பிடிப்பது?

நோட்டில் இருந்த கணக்கு

அக்கா செலவு நோட்டை ஒழுங்காக எழுதுகிறவர். வாரம் ஒருமுறை சைக்கிளில் வரும் சாணைக்காரருக்குப் பெரிய கத்திரிக்கு 80 ரூபாய், சின்னதுக்கு 50 ரூபாய் கொடுத்திருக்கிறார். சராசரியாக ஒரு மாதத்தில் பெரியது ஆறு தடவை, சின்னது பன்னிரண்டு தடவை. 480-ம் 600-ம் சேர்ந்து மாதம் 1,080 ரூபாய். வருஷத்துக்கு 12,960.

அக்காவுக்கு மூன்று விதமான மெஷின்கள் காட்டப்பட்டிருந்தன. ஒன்று, சாதாரண பெஞ்ச் கிரைண்டர், நல்ல வெள்ளைக் கல்லோடு 3,800 ரூபாய். இரண்டாவது, அதன் வாய்க்குள் கத்திரியை விட்டு இழுக்கிற சின்ன எலெக்ட்ரிக் கருவி, ஆயிரத்துச் சொச்சம். மூன்றாவதுதான் அந்த 28,000 ரூபாய் மெஷின். படுக்கைவாட்டில் மெதுவாகச் சுழலும் தட்டு, கத்திரியை மாட்டிக்கொள்ள ஒரு பிடி, கோணத்தை மாற்ற ஒரு அளவுகோல். தட்டுகள் தேயும். வருஷத்துக்கு 1,800 ரூபாய்க்குப் புதுத் தட்டு என்று விற்பவரே சொன்னார்.

மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றாவது மெஷின் தேறிவிடும். வருஷச் செலவு 12,960-ல் தட்டுக்கு 1,800 போனால் மிச்சம் 11,160. இரண்டரை வருஷத்தில் போட்ட பணம் வந்துவிடும். அதற்கப்புறம் லாபம். அக்கா மனசில் ஏறக்குறைய முடிவே எடுத்துவிட்டார்.

எனக்கு இடித்தது வேறு. பதினாலு கத்திரிக்கு மாதம் பதினெட்டுத் தடவை சாணையா? துணி மட்டும் வெட்டுகிற நல்ல கத்திரி அவ்வளவு சீக்கிரம் மழுங்காது. எங்கேயோ வேறு கோளாறு இருக்க வேண்டும்.

பதினாலு கத்திரியையும் மேசையில் பரப்பிப் பார்த்தோம்

மாஸ்டரின் 12 அங்குலக் கத்திரி இரண்டு, 10 அங்குலம் நான்கு, வகுப்பில் புழங்குகிற சின்னது எட்டு. எல்லாமே "பிடிக்கல", "துணியை மெல்லுது" என்று ஏதாவது ஒரு புகார் உள்ளவை. சாணைக்காரர் வருவதற்கு முந்தைய நாளாகப் பார்த்துத்தான் இதைச் செய்தோம்.

கத்திரி எப்படி வெட்டுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். மூடிய கத்திரியை வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். இரண்டு அலகுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி தெரியும். அலகுகள் லேசாக உள்வளைந்து செய்யப்பட்டவை. உள்முகமும் தட்டையாக இல்லாமல் கொஞ்சம் குழிவாகவே கடைந்திருப்பார்கள். அதனால் மூடும்போது எந்தக் கணத்திலும் இரண்டு அலகும் ஒரே ஒரு புள்ளியில்தான் தொடும். அந்தப் புள்ளி நடு திருகிலிருந்து கிளம்பி நுனி வரை நகர்ந்து போகும். வெட்டுவது அந்த நகரும் புள்ளிதான். ஆக, கூர் ஒரு பாதி. இரண்டு அலகும் விடாமல் தொட்டுக்கொண்டே போவது மறுபாதி. இந்த மறுபாதி கெட்டாலும் கத்திரி மெல்லத்தான் செய்யும், கூர் நன்றாக இருந்தாலும்கூட.

திருகைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மற்ற அலகை நேர் செங்கோணத்துக்குத் திறந்து விட்டுவிட வேண்டும். சரியான இறுக்கம் இருந்தால் அலகு கொஞ்சம் இறங்கி, பாதி வழியில் நின்றுவிடும். படக்கென்று முழுசாக மூடினால் திருகு தளர்ந்திருக்கிறது. அசையாமலே நின்றால் அதிக இறுக்கம்.

பதினாலில் நான்கு படக்கென்று மூடிக்கொண்டன. அலகுகள் விலகி, இரண்டுக்கும் நடுவே துணி மடங்கி நுழைந்துகொண்டிருந்தது. திருகை கால் சுற்று இறுக்கி ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டோம். நான்கும் வெட்டின. இந்த நான்கையும் சாணைக்காரரிடம் கொடுத்திருந்தால் அவரும் திருகை இறுக்கிவிட்டு, கொடுத்த காசுக்கு வாயையும் ஒரு இழுப்பு இழுத்துத் தந்திருப்பார். கத்திரி வெட்டும், எஃகு வீணாகத் தேய்ந்திருக்கும், சாணைதான் சரி செய்தது என்று நாமும் நினைத்திருப்போம்.

இன்னும் மூன்று கத்திரிகளில் அலகின் உள்முகத்தில் பழுப்பாக ஒரு பிசின் படிந்திருந்தது. கேன்வாஸ் ஒட்டும் பசை, ஸ்டிக்கர் பசை. நகத்தால் கீறினால் சுருண்டு வந்தது. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்ததும் சரியாகிவிட்டன. இரண்டு கத்திரியில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் துணி மாட்டியது. விரல் நகத்தை வாயோரமாக மெல்ல ஓட்டினால் அந்த இடத்தில் தட்டியது: குண்டூசியையோ ஜிப்பின் பல்லையோ சேர்த்து வெட்டியதில் விழுந்த பொத்தல். மீதி ஐந்துதான் உண்மையிலேயே மழுங்கியவை.

அந்த ஐந்தில் மூன்று வகுப்புக் கத்திரி. பேட்டர்ன் வரைந்த பிரவுன் பேப்பரை அதிலேயே வெட்டியிருக்கிறார்கள். காகிதத்தில் நிரப்புவதற்காகக் களிமண், சுண்ணாம்பு மாதிரியான தாதுப் பொடிகளைச் சேர்ப்பதுண்டு. எஃகு வாயை அது தேய்த்துக்கொண்டே இருக்கும். மற்ற இரண்டும் மாஸ்டரிடம் இருந்தவை. கள்ளழகர் உடைக்கு வெல்வெட்டும் ஜரிகையும் வெட்டிய கத்திரிகள். ஜரிகை உலோகம் சுற்றிய நூல். கத்திரிக்கு அது துணியே இல்லை.

இந்த ஒரு மதியப் பரிசோதனைதான் கணக்கையே மாற்றியது. மெஷின் வாங்குவதைப் பற்றி யோசிக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: இருக்கிற கத்திரிகளில் எத்தனை நிஜமாகவே மழுங்கியவை என்று பிரித்துப் பாருங்கள்.

சாணைக்காரர் கையில் என்ன நடக்கிறது

மறுநாள் சாணைக்காரர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். முன்பெல்லாம் புதுமண்டபத்துத் தையற்காரர்கள்தான் அவருக்குப் பாதிப் பிழைப்பு. திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில் தூணுக்குத் தூண் மெஷின் ஓடிய காலத்தில் ஒரே இடத்தில் நின்று நாள் முழுக்க வேலை பார்த்திருக்கிறார். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகு, அங்கே கொஞ்சம், தெருத் தெருவாகக் கொஞ்சம் என்று சுற்று நீண்டுவிட்டது.

சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு, பெல்ட்டை மாட்டி, பெடலை மிதித்தால் முன்னால் கல் சுற்றும். அக்காவின் அனுமதியோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கத்திரியை வாங்கியதும் அவர் முதலில் செய்தது, அதை வெறுங்காற்றில் இரண்டு தடவை வெட்டிக் காதில் கேட்டதுதான். பிறகு அலகைத் திருப்பி, பழைய வாய்ச் சரிவு எந்தச் சாய்வில் இருக்கிறது என்று வெயிலில் பார்த்தார். அந்தச் சரிவு முழுசாகக் கல்லில் படிகிற மாதிரி வைத்து, திருகுப் பக்கத்திலிருந்து நுனி வரை ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் அந்த இடத்தில் குழி விழும்.

பொறியையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கத்திரியில் பொறி பூத்துச் சிதறியது. "இது இரும்பு நல்லாருக்கு, மீரட் கத்திரி" என்றார். கார்பன் அதிகமுள்ள எஃகில் பொறி அப்படித்தான் கிளை விட்டு வெடிக்கும். ஸ்டெயின்லெஸ் கத்திரியில் பொறி குட்டையாக, குறைவாக வந்தது. உத்தரப் பிரதேசத்து மீரட் நகரில் செய்யும் இந்தக் கத்திரிகளின் அலகு பழைய வண்டிப் பட்டை போன்ற கழிவு இரும்பிலிருந்து அடிக்கப்படுவது. 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பார்த்துப் புழங்கினால் ஒரு தலைமுறைக்கு மேலும் உழைக்கும்.

"ஏன்ணே, மோட்டார் வச்சுக்கலாம்ல? கால் வலிக்காதே" என்று கேட்டேன்.

"மோட்டார் நிக்காது தம்பி. கால்னா நான் நெனச்ச எடத்துல மெதுவாப் போவேன். நுனிகிட்ட மெல்லிசா இருக்கும். அங்க வேகமாப் போனா வாய் வெந்துரும்."

அவர் சொன்னதில் மொத்த விஷயமும் இருக்கிறது. வீட்டு மின்சாரத்தில் ஓடும் சாதாரண பெஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்று சுற்றும். 6 அங்குலக் கல்லின் விளிம்பு அந்த வேகத்தில் விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. மெல்லிய எஃகு வாய் அதில் ஒரு விநாடி கூடுதலாக நின்றாலே போதும். சூடு ஏறி, சுமார் 300 டிகிரி செல்சியஸில் எஃகு நீலம் பாரிக்கும். நீலம் வந்த இடத்தில் டெம்பர், அதாவது எஃகுக்கு ஏற்றியிருந்த கடினம், போய்விட்டது என்று அர்த்தம். மேலே தெரிகிற நீலத்தைத் துடைத்துவிடலாம், மெத்தென்று ஆன எஃகு அப்படியே இருக்கும். இன்று கூராகத் தெரியும், நாலு நாளில் திரும்ப மழுங்கும். பக்கத்துத் தெருவில் ஒரு டெய்லர், அவசரத்துக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் கத்திரியைக் கொடுத்து வாங்கியதை எனக்குக் காட்டினார். நுனியிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மயில்கழுத்து நிறம். உள்முகத்தையும் தட்டையாகத் தேய்த்திருந்தார்கள். அந்தக் குழிவு போய்விட்டால் அலகுகள் புள்ளியில் தொடாது, பரப்பாக உரசும். அந்தக் கத்திரியைச் சாதாரணச் சாணையில் மீட்க முடியாது.

நம் சாணைக்காரர் உள்முகத்தைக் கல்லில் வைக்கவே இல்லை. வெளிச் சரிவை இழுத்தபோது உள்பக்கமாக மெல்லிய பிசிர் ஒன்று எழும்பியிருந்தது. அதை ஒரு தட்டைக் கல்லில் ஒரே ஒரு தடவை தடவி எடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மல் துணித் துண்டை எடுத்து, ஒற்றை மடிப்பில், நுனியால் மட்டும் வெட்டிப் பார்த்தார். நுனி வெட்டினால் மீதி தானாக வெட்டும் என்பது அவர் கணக்கு. என் கணக்கும் அதுவே.

மூன்று மெஷின்களையும் எடை போட்டபோது

ஆயிரத்துச் சொச்சம் விலையுள்ள சின்னக் கருவியை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். அதன் வாயில் ஒரே கோணம்தான் இருக்கும். அதற்குள் நுழைகிற எல்லாக் கத்திரியையும் அதே கோணத்துக்குத் தேய்த்துவிடும். பள்ளிப் பிள்ளைகளின் கைவேலைக் கத்திரிக்கு அது போதும்.

பெஞ்ச் கிரைண்டரைப் பற்றி அக்காவுக்கு ஆசை இருந்தது, விலை குறைவு என்பதால். டெம்பர் விஷயத்தைச் சொன்னேன். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தையலகத்தின் தரையில், மெஷினுக்கு அடியில், ஃபேன் இறக்கையில், எங்கும் பஞ்சுத் தூசி. சாணைப் பொறி பறந்து விழுகிற தூரத்தில் அந்தத் தூசியும் துணி மூட்டையும் இருந்தால் அது தீ விபத்துக்கான ஏற்பாடு. பொறி பஞ்சில் விழுந்ததும் ஜுவாலை வர வேண்டும் என்பதில்லை. உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்துவிட்டு, கடையைச் சாத்திப் போன பிறகும் பற்றலாம். கிரைண்டர் வைப்பதென்றால் வெட்டவெளியில், துணி இல்லாத இடத்தில்தான் வைக்க வேண்டும். அக்காவின் கடையில் அப்படி ஓர் இடமே இல்லை. மாடியில் வகுப்பு, பிள்ளைகளோடு வரும் பெண்கள் வேறு. இந்த ஒரு காரணத்துக்காகவே பெஞ்ச் கிரைண்டரை நான் எந்தத் தையலகத்துக்கும் சொல்ல மாட்டேன்.

28,000 ரூபாய் மெஷினில் இந்த இரண்டு ஆபத்தும் குறைவு. தட்டு மெதுவாகச் சுற்றுகிறது, சூடு ஏறாது, பொறியும் பெரிதாக வராது. நல்ல கருவிதான். ஆனால் கோணத்தை அளவுகோலில் வைப்பது மனுஷன். அக்காவின் பதினாலு கத்திரியிலும் சரிவு ஒன்று போல இல்லை. பல கைகள் பட்டுப் பட்டு, ஒரே கத்திரியின் இரண்டு அலகுமே வேறு வேறு சாய்வில் இருந்தன. ஸ்கேட் தகடு மாதிரி வைத்து இறுக்கிவிட்டு நகர்ந்துவிட முடியாது. ஒவ்வொரு அலகுக்கும் பழைய சரிவைக் கண்டுபிடித்து, கையைச் சரி செய்து, வாய் லேசாக வளைந்திருந்தால் அந்த வளைவோடு கையை ஓட்ட வேண்டும். அதாவது சாணைக்காரர் வெயிலில் திருப்பிப் பார்த்துச் செய்த அதே வேலையை, மெஷின் முன்னால் உட்கார்ந்து அக்காவோ மாஸ்டரோ செய்ய வேண்டும்.

விற்பவரிடம் போனில் கேட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் பிடி 8 அங்குலம் வரையான கத்திரிக்குத்தான் வாகாக இருக்கும். பார்லர் கத்திரியை மனதில் வைத்துச் செய்தது. 12 அங்குல டெய்லர் கத்திரி அதில் சரியாக உட்காராது. கடையில் வேலையைத் தூக்கிச் சுமப்பது அந்தப் பெரிய கத்திரிகள்தான். ஜிக்ஜாக் கத்திரிக்கும் அந்தத் தட்டு ஆகாது. அலகில் நுண்ணிய பல் வெட்டிய கத்திரியைத் தட்டில் வைத்தால் பல் போய்விடும்.

மாஸ்டரிடம், "நீங்க உக்காந்து பிடிப்பீங்களா மாஸ்டர்?" என்று அக்கா நேராகவே கேட்டார். மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் கத்திரிய நானே கெடுத்துக்க மாட்டேன்க்கா" என்றார். அந்தப் பதிலை நான் மிகவும் மதிக்கிறேன்.

எடுத்த முடிவு

மெஷின் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக 10 அங்குலக் கத்திரி இரண்டு, ஒவ்வொன்றும் 950 ரூபாய்க்கு வாங்கினார்கள். சாணைக்குப் போகும்போது வேலை நிற்காமல் மாற்றிப் போட அது. பேப்பருக்கென்று 80 ரூபாய்க் கத்திரி நான்கு. நல்ல திருப்புளி, மெஷின் ஆயில், பொத்தலை லேசாக நீவ ஒரு ஆயில் ஸ்டோன், எல்லாம் 450. மொத்தம் 2,670 ரூபாய். கைப்பிடியில் துணி நாடா கட்டினோம்: துணிக்கு நீலம், பேப்பருக்கு மஞ்சள், ஜரிகைக்குச் சிவப்பு. பழைய மீரட் கத்திரி ஒன்று முழுசாக ஜரிகைக்கென்று ஒதுக்கப்பட்டது. வகுப்பில் முதல் பாடமே திருகைச் சோதிப்பதும் அலகைத் துடைப்பதும் என்று அக்கா மாற்றிவிட்டார்.

அதற்குப் பிறகு நோட்டில் சாணைக் கணக்கு மாதத்துக்குச் சராசரியாகப் பெரியது இரண்டு, சின்னது மூன்று என்று இறங்கியது. பழைய கூலியில் அது 310 ரூபாய். வேலை குறைந்ததால் சாணைக்காரர் பிழைப்பில் கை வைக்கக் கூடாது என்று அக்கா கூலியைப் பெரியதுக்கு 100, சின்னதுக்கு 60 என்று உயர்த்தினார். அவசரப்படாமல், தண்ணீர் தொட்டுத் தொட்டு, மெதுவாகப் பிடிக்கட்டும் என்பதற்கும் சேர்த்துத்தான். இப்போது மாதம் 380, வருஷத்துக்கு 4,560. இந்தக் கணக்கில் 28,000 ரூபாய் மெஷின், தட்டுச் செலவைச் சேர்க்காமலே, ஆறு வருஷத்துக்கு மேல் ஓடினால்தான் முதலைத் திருப்பித் தரும். அதுவும் பெரிய கத்திரிக்கு அது உதவாது என்பதைக் கழிக்காமல்.

எந்த நிலைமையில் வாங்கச் சொல்லியிருப்பேன்? எல்லாக் கத்திரியும் ஒரே மாதிரி, ஒரே அளவாக இருந்து, அதையே தொழிலாகப் பார்க்கிற ஒருவர் இருந்தால் சொல்லியிருப்பேன். மூன்று நான்கு பார்லர் சேர்த்து நடத்துகிறவர்களுக்கு அந்த மெஷின் பொருந்தும். பக்கத்துப் பக்கத்தில் பத்துத் தையலகங்கள் சேர்ந்து, சாணை தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, பெரிய பிடியுள்ள மெஷினாகப் பார்த்து வாங்கினாலும் சரிதான். கை தெரிந்த ஆள் முதலில், மெஷின் அப்புறம்.

அந்த ஆள் விஷயத்தில்தான் எனக்குக் கவலை மிச்சம் இருக்கிறது. சாணைக்காரரின் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார். சைக்கிள் மிதிக்க இவரால் இன்னும் எத்தனை வருஷம் முடியும்? இதை அக்காவும் யோசித்திருக்கிறார். வகுப்பில் படித்துவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணை, சாணைக்காரர் வருகிற அன்று வேலையிலிருந்து விடுவித்து அவர் பக்கத்தில் உட்காரவைக்கிறார். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு, சாணைக்காரருக்கும் தனியாக ஒரு தொகை உண்டு. இப்போதைக்குத் தேய்ந்துபோன வகுப்புக் கத்திரிகளை மட்டும் அந்தப் பெண் கையில் கொடுக்கிறார்கள். அவர் மிதிக்க, அந்தப் பெண் இழுக்கிறாள்.

அடுத்த சித்திரைக்கு முந்தைய மாதம் இந்தக் கணக்கைத் திரும்பப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். வெல்வெட், ஜரிகை வேலை உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தில் மாதம் எத்தனை சாணை ஆகிறது, சாணைக்காரர் வராத வாரம் எத்தனை, அந்தப் பெண் பிடித்த கத்திரி மாஸ்டர் மேசையில் எத்தனை நாள் நிற்கிறது, இந்த மூன்றையும் அக்கா நோட்டில் தனிப் பக்கம் போட்டு எழுதி வருகிறார். மூன்றாவது எண் நன்றாக வந்தால், தண்ணீரில் மெதுவாகச் சுற்றும் கல் ஒன்றுக்கு விலை கேட்டு வரும் வேலை என்னுடையது.